கைவிசேட நேரத்துச் சொடுக்குகள்

இணுவிற் கந்தசுவாமி கோயிலுக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் வாழ்ந்த பத்மாசினிக்கு, ஈராண்டுகளாக அவள் காத்திருந்த சம்மதம், சித்திரைப் புத்தாண்டு பிறப்பதற்குச் சில நாள்களே இருந்த ஒரு மாலைப்பொழுதில் மின்னஞ்சலாக வந்து சேர்ந்தது. கைப்பேசியை ஏந்தியவாறு அவள் முற்றத்துக்கு ஓடிவந்த வேகத்தைக் கண்டு, கட்டியிருந்த ஆடுகள்கூடக் குழை தின்பதை நிறுத்தித் தலை நிமிர்ந்தன.

"இஞ்சருங்கோ, ஓம் எண்டிட்டாங்கள்!"

அவளுடைய கணவன் ஜெயரூபன் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"ஆர், மாப்பிள்ளை வீட்டுக்காரரோ?"

"விளம்பரக்காரர்!"

"அப்ப இனி ஆடு குழை தின்னும், நீர் அதைப் பற்றி எழுதுவீர், ஆரோ ஒருத்தன் காசு தருவான். வெங்காயத்துக்கு உப்பிடி ஒரு வழி இல்லையோ?"

"வெங்காயம் கத்தாதே. கத்துறதைப் பற்றித்தான் சனம் வாசிக்கும்."

பத்மாசினி ஆடு வளர்ப்பைப் பற்றி 'கொட்டிலும் குழையும்' என்னும் பெயரில் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். மறியாட்டின் சினைக்காலத்தில் என்ன குழை கொடுத்தல் வேண்டும், மழைக்காலத்தில் கொட்டிலின் நிலத்தை எங்ஙனம் உலர்வாக வைத்திருத்தல் வேண்டும், பால் மறந்த குட்டிக்கு வயிறு ஊதினால் முதலிற் செய்ய வேண்டியது யாது என்பன போன்றவற்றை அவள் தன் சொந்த அனுபவத்திலிருந்தே எழுதினாள். விளம்பரத் திட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி அவள் முன்னர் இரு தடவை விண்ணப்பித்திருந்தாள். கட்டுரைகள் போதா என்று முதலிலும், படங்கள் பிறருடையவை என்று அடுத்தும் மறுத்துவிட்டார்கள். அதன் பின்னர் அவள் தன் ஆடுகளையே படம் பிடித்தாள். அவை ஒருபோதும் ஒழுங்காக நின்றதில்லை. எனினும் அவை அவளுடைய ஆடுகள்.

அவள் யாழ்ப்பாண நகரில் இரும்புச் சாமான் கடையொன்றிற் கணக்கெழுதும் வேலை பார்த்தாள். காலையில் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு அவசர அவசரமாகப் பேருந்து ஏறுவதும், மாலையிற் களைத்து வந்து கொட்டில் கூட்டுவதும், அதன் பிறகே எழுத உட்காருவதும் அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தன. வலைப்பூ வருமானம் சம்பளத்தின் அரைவாசியளவு வந்துவிட்டாலும் போதும், வேலையை விட்டுவிட்டு ஆடுகளோடும் எழுத்தோடும் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பதே அவள் மனத்திற் கட்டிவைத்திருந்த கோட்டை.

திட்டத்தின் விதிகளை அவள் ஒரு சொல்லையும் விடாமல் வாசித்திருந்தாள். பக்கத்திலே தோன்றும் விளம்பரத்தை, அதில் உண்மையான நாட்டங்கொண்ட வாசகர் சொடுக்கினால் மட்டுமே பணம் வரும். எழுதியவர் தாமே சொடுக்கலாகாது. பிறரைச் சொடுக்கும்படி கேட்டலும் ஆகாது. பத்மாசினி ஒருவரையும் கேட்கவில்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். மகிழ்ச்சி தாளாமல், கனடாவிலிருந்த தங்கை கீர்த்திகாவுக்குச் செய்தியைச் சொன்னாள்.

"அமத்தினால் காசோ அக்கா?" என்று கீர்த்திகா வியந்தாள்.

"அது பாக்கிற ஆக்களுக்கு விருப்பம் வந்தால்தான்."

"எங்களுக்கு விருப்பம் வராமல் பின்னை ஆருக்கு வரும்?"

இவ்விடத்தில் அவள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கேளாமற் செய்வதே உறவு என்று கருதும் குடும்பம் அது. கீர்த்திகா அன்றே மாமா பஞ்சலிங்கத்தை அழைத்துச் சொன்னாள். சுன்னாகத்தில் நெடுங்காலம் புடைவைக் கடை நடத்தி ஓய்ந்திருந்த பஞ்சலிங்கம், பத்மாசினியின் தாயாருடைய தம்பி. அவருடைய கைராசியைப் பற்றிச் சுற்றத்தார் அனைவரும் ஒரே குரலிற் பேசுவர். கிணறு வெட்ட முதல் மண் எடுப்பவரும் அவரே. புதுக் கடைக்கு முதல் வியாபாரம் செய்பவரும் அவரே. புத்தாண்டில் அவர் கையாற் கைவிசேடம் வாங்காத மருமக்கள் அவ்வாண்டு முழுவதும் எதையோ இழந்தவர்போல் இருப்பர். பெரியவர்கள் சுபநேரம் பார்த்து வெற்றிலையில் வைத்துத் தரும் அந்த முதற் காசை, பேச்சுவழக்கிற் கைவியளம் என்பார்கள்.

மருமகள் தொழில் தொடங்கியிருக்கிறாள். வருடமும் பிறக்கப் போகிறது. பஞ்சலிங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

புத்தாண்டு பிறந்தது. மருத்துநீர் வைத்துத் தலைமுழுகிப் புதுச்சேலை உடுத்திருந்த பத்மாசினிக்கு, மாமா வெற்றிலையும் நெல்லும் காசும் வைத்து நீட்டினார். அவள் காலில் விழுந்து எழுந்தபோது, அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு நெளிந்தது.

"எடி பிள்ளை, இது கையிலை தாற கைவியளம். மற்றது போனிலை வந்திருக்கும். போய்ப் பார்."

பத்மாசினி பார்த்தாள். சொடுக்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் முந்திய நாள்வரை நிலத்தோடு ஒட்டிக் கிடந்த கோடு, அன்று காலையில் ஓரிடத்தில் விண்ணென்று எழுந்து விழுந்து, சற்றுத் தள்ளி மீண்டும் அதேயளவுக்கு எழுந்து நின்றது. பார்ப்பதற்குக் கோயிலின் இரட்டைக் கோபுரம் போலிருந்தது.

"மாமா, என்ன செய்தனீங்கள்?"

"நான் தனியச் செய்யேல்லை. எங்கடை ஆக்கள் எல்லாரும். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், நோர்வே. கைவியள நேரத்துக்கு எல்லாரும் ஒண்டாய் அமத்தவேணும் எண்டு சொல்லிப்போட்டன். லண்டன்காரர் பாவங்கள், நித்திரை கொள்ளாமல் இருந்தவை."

"அப்ப ஏன் ரெண்டு தரம் ஏறியிருக்குது?"

"அதுதானே சிக்கல்! நாங்கள் வாக்கியம். உன்ரை தங்கச்சியின்ரை மாமியார் வீடு திருக்கணிதம். ரெண்டு பஞ்சாங்கத்திலையும் நேரம் வேறை. ஒரு நேரத்தை எடுத்தால் மற்ற ஆக்களுக்கு மனக்குறை வருமெல்லே? அதுதான் ரெண்டு நேரமும் அமத்தச் சொன்னன். ஒருத்தரையும் நோகவிடேல்லை பார்."

ஒரு கணம் பத்மாசினியின் உள்ளம் பூரித்தது. உலகின் மூலைமுடுக்கெல்லாம் தன்னை நினைத்துக் கைப்பேசியுடன் காத்திருந்தவர்களை எண்ணியபோது கண் கலங்கியது. அடுத்த கணமே விதிகள் நினைவுக்கு வந்தன.

அஞ்சியது அஞ்சியபடியே நடந்தது. மறுநாட் காலையில், அவளுடைய பக்கத்தில் இயற்கைக்கு மாறான சொடுக்குகள் காணப்பட்டமையால் விளம்பரங்கள் ஒரு மாத காலத்துக்கு நிறுத்தப்படுகின்றன என்றும், மீண்டும் இங்ஙனம் நேருமாயின் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்றும் அறிவித்தல் வந்தது. விளம்பரங்கள் இருந்த இடங்கள் வெறுமையாகின.

ஜெயரூபன் அறிவித்தலை இரண்டு தடவை வாசித்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இயற்கைக்கு மாறானதாம். உம்மடை சொந்தக்காரரை அவங்கள் சரியாய்த்தான் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்."

"சிரிக்காதேங்கோ! இனி ஒருக்கால் அமத்தினால் எல்லாம் முடிஞ்சுது."

"அப்ப மாமாட்டைப் போய்ச் சொல்லும், அமத்தவேண்டாம் எண்டு."

"எப்பிடிச் சொல்லுறது? அவர் தன்ரை கைராசி எண்டெல்லே செய்தவர். உங்கடை கை பட்டு என்ரை பிழைப்புப் போச்சுது எண்டு சொன்னால், மனிசன் பிறகு இந்தப் படலை திறப்பாரோ?"

ஜெயரூபனின் சிரிப்பும் அங்கே நின்றது. அது விளையாட்டான காரியமன்று. கைராசிக்காரர் ஒருவரிடம் அவருடைய கையே கெடுதல் செய்தது என்று கூறுவதைக் காட்டிலும், அவரைக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவது இலேசு. இதனை உணர்ந்தே பத்மாசினி ஒரு வாரத்தை வீணே கழித்தாள். இரும்புக் கடையில் ஆணியின் நிறையை ஆப்பின் கணக்கில் எழுதினாள். வீட்டில் ஒரே கிடாய்க்கு இருமுறை குழை போட்டாள். அந்தக் கிடாய் மாத்திரம் அவ்வாரம் மிக்க மகிழ்ச்சியோடிருந்தது.

அவ்வார இறுதியில் மாமாவே தொலைபேசியில் அழைத்தார்.

"எங்கை பிள்ளை, விளம்பரங்களைக் காணேல்லை? காசு போதும் எண்டு மூடிப்போட்டாங்களோ?"

இனி ஒளிக்க இயலாது என்று கண்ட பத்மாசினி, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு மாமாவின் வீட்டுக்குப் போனாள். வழிநெடுகிலும் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒப்புவித்துக்கொண்டே நடந்தாள். ஆயினும் மாமாவின் முகமலர்ச்சியைக் கண்டதும் ஒப்புவித்ததெல்லாம் பறந்துவிட்டது.

"வா, வா! உன்னைத்தான் நினைச்சனான். வைகாசி விசாகத்துக்குப் பெரிசாய் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன். சுவிஸிலை கோயில் சபைக்காரரோடை கதைச்சிட்டன். பூசை முடிய எல்லாரும் போனை எடுத்து அமத்துவினம். முந்நூறு பேருக்குக் குறையாது."

பத்மாசினி மனத்துக்குள் நாள்களை எண்ணிப் பார்த்தாள். வைகாசி விசாகம் விளம்பரங்கள் மீண்டும் தோன்றிய பின் சில நாள்களுள் வரவிருந்தது.

"மாமா, அது வந்து..."

அவ்வேளையில் மாமாவின் கைப்பேசி ஒலித்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, சூடு பட்டவர்போல் அதைக் கதிரையில் வைத்தார்.

"ஆர் மாமா?"

"உழவு மெசின்காரன். ஒவ்வொரு நாளும் எடுக்கிறான்."

"உங்களுக்கு என்னத்துக்கு உழவு மெசின்? உங்களிட்டை இருக்கிறது நாலு தென்னையும் ஒரு தேசிக்காய் மரமும்தானே."

பஞ்சலிங்கம் தயங்கினார். பின்னர் தாழ்ந்த குரலிற் கூறினார்.

"உன்ரை பக்கத்திலை அந்த விளம்பரம்தான் எனக்கு வந்தது. அமத்தினன். உள்ளுக்குப் போனால் 'பெயர் தாருங்கள், முகவரி தாருங்கள், தொலைபேசி இலக்கம் தாருங்கள்' எண்டு கேட்டுது. ஒரு இடத்துக்குப் போய்ப்போட்டு, கேட்டதுக்கு மறுமொழி சொல்லாமல் வாறது மரியாதையே? குடுத்திட்டன்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர், வியர்வை வழிய, கையிற் பெரிய பையுடன் இறங்கினார்.

"பஞ்சலிங்கம் ஐயா வீடு இதுதானே? நான் கனிசியஸ். மன்னாரிலை இருந்து வாறன். நீங்கள் போன் எடுக்கேல்லை. சுகமில்லையோ எண்டு நினைச்சு நேரை வந்திட்டன்."

வீடு தேடி வந்தவரை வெளியே நிறுத்துவது யாழ்ப்பாணத்தில் நடவாத காரியம். கனிசியஸ் விறாந்தையில் இருத்தப்பட்டார். தேநீரும் பத்மாசினி கொண்டுவந்த கதலிப்பழமும் அவர்முன் வைக்கப்பட்டன. அவர் பையைத் திறந்து, வழவழப்பான படங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கலானார். இரண்டு சில்லு, நான்கு சில்லு, சிவப்பு, நீலம், தவணைக் கட்டணம், இலவசத் திருத்தம் என்று விவரித்துக்கொண்டே போனார். மேசை நிறைந்து, பின்னர் கதிரையும் நிறைந்தது. பஞ்சலிங்கம் ஒவ்வொரு படத்துக்கும் "ஓம்... வடிவாய்த்தான் இருக்குது" என்றார். அவருடைய நெற்றியிலும் வியர்வை அரும்பியது.

"ஐயாவுக்கு எத்தினை பரப்பு வயல்?" என்று ஈற்றில் கனிசியஸ் கேட்டார்.

பஞ்சலிங்கம் மருமகளைப் பார்த்தார். மருமகள் கூரையைப் பார்த்தாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லிப்போடுறன். எனக்கு வயல் இல்லை. சும்மாதான் அமத்தினனான்."

கனிசியஸ் கோபிக்கவில்லை. விரித்திருந்த படங்களை மெல்ல மெல்ல அடுக்கத் தொடங்கினார்.

"பறுவாயில்லை ஐயா. எனக்கு விளங்கும். ஆனால் வருசத்தண்டு எங்களுக்கு ஒரு வினோதம் நடந்தது. அமத்திற ஒவ்வொரு அமத்தலுக்கும் நாங்கள் காசு கட்டவேணும். அண்டைக்குக் காலமை ஆரோ வந்து அள்ளி அள்ளி அமத்தியிருக்கினம். கனடா, நோர்வே எல்லாம். நோர்வேயிலை ஆர் ஐயா எங்கடை மெசின் வாங்கப் போகினம்? அந்த நாளுக்கெண்டு ஒதுக்கின காசு பத்து மணிக்கே முடிஞ்சு விளம்பரம் நிண்டு போச்சுது. மெய்யாய் வாங்க இருந்த கமக்காரர் ஒருத்தரும் அதைக் காணேல்லை. பிறகு விளம்பரக் கொம்பனிக்காரர் அந்தக் காசைத் திருப்பித் தந்திட்டாங்கள்தான். ஆனால் போன நாள் போனதுதானே? அவ்வளவு பேருக்கை எங்களுக்குக் கிடைச்சது உங்கடை ஒரே ஒரு நம்பர்தான். அதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தனான்."

பஞ்சலிங்கத்தின் கண்கள் அடுக்கப்படும் படங்களிலேயே நிலைத்திருந்தன. பத்மாசினி அந்தப் பார்வையை அறிவாள். கடை நடத்திய காலத்தில், கூட்டமாக வந்து, அலுமாரியிலுள்ள சேலை முழுவதையும் இறக்கி விரிக்கச் செய்து, முந்தானை பார்த்து, கரை பார்த்து, 'பிறகு வாறம்' என்று எழுந்து போவோரைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர்களுக்குச் 'சேலை கலைக்கிற கூட்டம்' என்றே பெயர் வைத்திருந்தார். அவர்கள் போனபின், பொழுதுபடும்வரை மடித்து அடுக்குவது அவர் பாடு. மெய்யாகவே வாங்க வந்தவரோ இடமில்லையென்று வாசலோடு திரும்பிப் போயிருப்பார்.

"தம்பி," என்றார் பஞ்சலிங்கம். "உது சேலை கலைக்கிற வேலை."

"விளங்கேல்லை ஐயா."

"உமக்கு விளங்கத் தேவையில்லை. எனக்கு விளங்கிட்டுது. நாப்பது வருசம் கடை வைச்சிருந்தவன் நான். என்ரை சொந்தம் முழுக்கத் திரண்டு உம்மடை கடைக்குள்ளை பூந்து அலுமாரியைக் கவிட்டுப்போட்டு வந்திருக்குது. கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான்."

பின்னர் அவர் பத்மாசினியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ இதைச் சொல்லத்தானே வந்தனீ?"

"ஓம் மாமா. எனக்கு ஒரு மாசம் விளம்பரத்தை நிப்பாட்டிப்போட்டாங்கள். இனி ஒருக்கால் நடந்தால் சாகும்வரைக்கும் இல்லையாம்."

"ஏன் வந்த உடனை சொல்லேல்லை?"

"உங்கடை கைராசியை எப்பிடி மாமா..."

"விசரி! கைராசி முதல் வியாபாரத்துக்கடி. வியாபாரம் எண்டால் காசைக் குடுத்துச் சாமான் வாங்கவேணும். வாங்காமல் கையை வைச்சால் அது கைராசியே? அது கைச்சேட்டை!"

பத்மாசினிக்கு ஒரு வாரமாக அடைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெடித்தது. காரணம் முற்றும் விளங்காத கனிசியஸும் உடன் சிரித்தார்.

பஞ்சலிங்கம் அன்றே இரு காரியங்களைச் செய்து முடித்தார். முதலாவதாக, கனிசியஸை வெறுங்கையோடு அனுப்ப அவருடைய வியாபார மனம் இடந்தரவில்லை. ஜெயரூபனை அழைத்து, அவனுடைய கமக்காரர் சங்கத்தில் உழவு இயந்திரம் வாங்க நினைத்திருந்தவர்களிடம் அவரைக் கூட்டிச்செல்லச் செய்தார். மாலையில் கனிசியஸ் திரும்பிவந்து, இருவர் வயலில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள் என்று மகிழ்வோடு சொல்லி விடைபெற்றார். "பாத்தியோ, அசல் கைராசி எண்டால் இதுதான்," என்று பஞ்சலிங்கம் மருமகளுக்குக் காதோடு சொன்னார்.

இரண்டாவதாக, குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் தம் குரலைப் பதிந்து அனுப்பினார். அது சுவிஸ் கோயில் சபைவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"எல்லாரும் வடிவாய்க் கேளுங்கோ. வைகாசி விசாகத்துக்கு ஒருத்தரும் ஒண்டையும் அமத்தப்படாது. பிள்ளை எழுதினதை வாசியுங்கோ, விருப்பமெண்டால் ஆடு வளர்க்கிற ஆக்களுக்கு அனுப்புங்கோ. சும்மா விளம்பரத்தைத் தொட்டியள் எண்டு கேள்விப்பட்டன், அடுத்த வருசம் கைவியளம் இல்லை. வாக்கியத்துக்கும் இல்லை, திருக்கணிதத்துக்கும் இல்லை!"

கீர்த்திகா உடனே பதிலனுப்பினாள். "மாமா, தெரியாமல் விரல் பட்டால்?"

"விரலை மடிச்சு வைச்சுக்கொண்டு வாசி."

ஒரு மாதம் நிறைந்த நாளன்று பத்மாசினி வேலையால் வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை எடுத்தாள். வெறுமையாய்க் கிடந்த இடங்களில் விளம்பரங்கள் மீண்டும் தோன்றியிருந்தன: கோழித் தீவனம், தண்ணீர்த் தாங்கி, கம்பி வலை. அவள் கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். ஜெயரூபன் திருநீறு பூசிய நெற்றியோடு வந்து அவளருகே குந்தினான்.

முதல் நாள் ஒரு சொடுக்கும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. விசாகத்தன்று காலை அவள் கோயிலிற் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதும் மனம் கைப்பேசியிலேயே இருந்தது. கோடு மறுபடி கோபுரமாக எழுந்துவிடுமோ என்று அஞ்சி, வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் அதனைத் திறவாமலே இருந்தாள். ஈற்றில் ஜெயரூபனே திறந்தான்.

"ஏறியிருக்குதோ?" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஏறியிருக்குது."

"ஐயோ!"

"பதறாதையும். மூண்டே மூண்டு." அவன் திரையைக் கண்ணருகே கொண்டுபோனான். "ஒண்டு மட்டக்களப்பு. ஒண்டு திண்டுக்கல். ஒண்டு டோகா. மூண்டு பேரும் அந்தக் கம்பி வலையைத்தான் பாத்திருக்கினம். குட்டி வேலி பாயிறதைப் பற்றி நீர் எழுதினீரே, அதை வாசிச்சுப்போட்டு."

பத்மாசினி கண்ணைத் திறந்தாள். அவள் அந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் தானே ஒருமுறை வாசித்தாள்.

"திண்டுக்கல்லிலை எங்களுக்கு ஆரும் சொந்தம் இருக்கினமோ?" என்று ஜெயரூபன் ஐயத்தோடு கேட்டான்.

"இல்லை."

"டோகாவிலை?"

"ஒரு குருவிகூட இல்லை!" என்றாள் பத்மாசினி. சொந்தம் இல்லை என்பதை இத்துணை மகிழ்ச்சியோடு அவ்வொழுங்கையில் ஒருவரும் அதற்கு முன்னர் கூவியதில்லை.